சாமி இல்லாதவளின் சாட்சி

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் கடையில் நின்று நின்று கால் மரத்துப்போன காலம். தூத்துக்குடியில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிற வேலை எனக்கு. ஆஸ்பத்திரியில் படித்துப் பாஸ் பண்ணிய மருத்துவச்சி என்பதால் ஊருக்கெல்லாம் நான் 'நர்சம்மா'. அந்த வருஷம் ஆடி மாதம் நடந்ததை நினைத்தால் இப்போதும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. எழுந்து வாசல் வரைக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் வருவேன்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. மில்லில் வேலை பார்த்த என் அப்பா அந்தக் கொள்கைக்காரர். என் கல்யாணமும் தாலி, ஐயர் எதுவும் இல்லாமல் மாலை மாற்றி நடந்த சுயமரியாதைக் கல்யாணம். ஆனால் அப்பா சொன்னார் என்பதற்காக மட்டும் நான் அப்படி ஆகவில்லை. பிரசவ வேலைக்கு வந்த பிறகு, எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்ட தாய் என் கண்ணெதிரே போய்ச் சேர்ந்திருக்கிறாள். ஒரு சாமி பேரையும் சொல்லாத தாய் பிழைத்து எழுந்திருக்கிறாள். பார்த்துப் பார்த்து மனசுக்குள் அது உறுதியாகிவிட்டது. யாரிடமும் வாதத்துக்குப் போக மாட்டேன். கேட்டால் மட்டும் இல்லை என்பேன்.

அந்த ஆடிக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு அடைமழை நாளில் ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். சின்னப் பெண். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளம் வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் காய்ச்சலில் திடீரென்று இறந்துபோக, கருமாதி முடிந்த கையோடு அவளைத் தூத்துக்குடியில் இருந்த அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அப்போது வயிற்றில் ரெண்டு மாதம். அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியாத நேரம். பிறகு அவளும் புருஷன் வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை, அவர்களும் எட்டிப் பார்க்கவில்லை.

பிரசவம் லேசில் முடியவில்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டு, பிள்ளை நீலம் பாரித்து வந்தது. கொடியை எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஊதி ஊதி என் நெஞ்சு காய்ந்துபோன பிறகுதான் அது வீறிட்டது. ஆண் பிள்ளை. அந்த நேரத்தில் அந்த வீட்டில் இருந்தவர்கள் அவள், அவள் அம்மா, நான். வேறு ஆள் கிடையாது.

பிள்ளை பிறந்த செய்தி உப்பளத்துக்கு எட்டியதும் அவள் புருஷனுடைய அண்ணன் வழக்குப் போட்டார். 'என் தம்பி சாகும்போது அவளுக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. இது எங்கிருந்தோ வாங்கி வந்த பிள்ளை. என் தம்பி சொத்தில் இதற்குப் பாத்தியம் இல்லை.' இதுதான் வழக்கு. உப்பளத்தில் பாதியும் தூத்துக்குடியில் சரக்கு அடுக்குகிற ஒரு கிட்டங்கியும் அதில் அடக்கம். அதைவிட, தோற்றால் அந்தப் பெண் எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள்? பெற்ற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ பெற்றது என்று ஊர் சொல்வதைக் காலமெல்லாம் கேட்க வேண்டும்.

பெற்ற அம்மாவின் சாட்சி கோர்ட்டில் எடுபடாது என்றார் அவளுடைய வக்கீல். முனிசிபல் ஆபீஸில் பிறப்பைப் பதிந்ததும் நான் சொல்லித்தான். ஆக, எல்லாம் என் ஒருத்தி வாயில் வந்து நின்றது. நான் யோசிக்கவே இல்லை. பார்த்ததைச் சொல்ல என்ன, வருகிறேன் என்றேன்.

முன்சீப் கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்றதும் பெஞ்சு கிளார்க், "கடவுள் முன்னிலையில் சத்தியமாகச் சொல்லுகிறேன்னு சொல்லும்மா" என்றார். "என் மனசறிய உண்மையைச் சொல்லுகிறேன்" என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லையோ, எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ, இன்னும் சத்தமாக அதையே சொன்னார். நானும் அதையே திருப்பிச் சொன்னேன். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

முன்சீப் வயசானவர். நெற்றி நிறைய விபூதி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். காரணம் கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுளித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. ஆனால், உறுதிமொழியாகச் சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது, சொல்லட்டும் என்று கிளார்க்குக்குக் கையைக் காட்டிவிட்டார்.

அதோடு போயிற்று என்று நினைத்தேன். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். பிள்ளையைப் பற்றி அவர் கேட்டது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் என்னைப் பற்றி. கழுத்தில் தாலி எங்கே? கட்டிக்கொள்ளவில்லை. கோயிலுக்குப் போவது உண்டா? கிடையாது. செத்த பிறகு சொர்க்கம், நரகம்? கிடையாது. "அப்போ நீங்க பொய் சொன்னா உங்களை எது தடுக்கும்?" என்று கேட்டு நிறுத்தினார். வீட்டுக்கு வந்த பிறகு அதற்குப் பத்துப் பதில் தோன்றியது. அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. வேண்டாத பிள்ளைகளை வாங்கி விற்கிற மருத்துவச்சிகள் ஊரில் உண்டு என்று வேறு ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் வழக்குப் போட்ட அந்த அண்ணன் எழுந்து கைகூப்பினார். உயரமான ஆள். வெயிலில் கறுத்த முகம், வெள்ளை வேட்டி. "எசமான், அந்தப் பிள்ளைய இங்கன கிடத்தி, இந்தம்மா தாண்டிச் சத்தியம் பண்ணட்டும். நான் ஒத்துக்கிடுதேன்" என்றார்.

முன்சீப்புக்கு வந்ததே கோபம்! மூன்றாவது மனுஷர் தலையில் பழி விழுகிற மாதிரிச் சத்தியத்தைச் சட்டம் ஏற்காது, அதுவும் பச்சைப்பிள்ளை, உட்காரும் என்று அதட்டினார். அவர் உட்காரவில்லை. வக்கீல் அவர் காதில் ஏதோ சொன்னார்.

"சரி எசமான். எங்க குலசாமி சுடலைமாடன் முன்னால எரியுத கற்பூரத்த உள்ளங்கையால அணைச்சு, இந்தப் பிள்ள இவ வயித்துல பெறந்ததுதான்னு இந்தம்மா சொல்லட்டும். அந்த இடத்துலயே வழக்க விட்டுருதேன்."

இது சட்டத்தில் உண்டாம். எங்கள் வக்கீல் வராந்தாவில் வைத்து விளக்கினார். நான் சம்மதித்து அப்படியே செய்துவிட்டால் அதோடு வழக்கு தீர்ந்தது, பிள்ளைக்கு ஜெயம். மாட்டேன் என்றால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இன்ன சத்தியம் கேட்கப்பட்டது, இன்ன காரணத்தால் மறுத்தாள் என்று கோர்ட்டில் எழுதி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு என் சாட்சியை எவ்வளவு நம்புவார்கள் என்பதற்கு அவர் பொறுப்பில்லை. யோசித்துச் சொல்ல அடுத்த வாய்தா வரைக்கும் நேரம் கொடுத்தார்கள்.

அந்த இடைப்பட்ட நாட்கள் இருக்கிறதே! அடுப்பில் உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன். துறைமுகப் பக்கம் போய் நிற்பேன். தூரத்தில் கப்பல் நிற்கும், தோணிகள் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு போகும். எதுவும் மனசில் ஒட்டாது, திரும்பி வந்துவிடுவேன். செய்தால் என்ன என்று ஒரு நேரம் தோன்றும். சொல்லப்போவது உண்மைதானே. மறு நிமிஷமே உடம்பு கூசும். எது இல்லை என்று இத்தனை வருஷம் சொன்னேனோ, அதன் முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்பதா? அதுவே ஒரு பொய் இல்லையா? பொய்யில் ஏறி நின்று உண்மையைச் சொல்வதா?

என் வீட்டுக்காரர் ஒரு கப்பல் ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலமானால் கூட்டங்களில் பேசப் போவார். அவருக்கு இதில் ரெண்டு எண்ணமே இல்லை. "நீ போய்க் கற்பூரத்த அணச்சா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடையில ஏற?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "பிள்ளையப் பிடிச்சது நீங்களா, நானா?" என்றேன். அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாரத்தில் கடற்கரைத் தெருவில் ஒரு பிரசவம். தோணியில் வேலை பார்க்கிறவருடைய மனைவி, வேதக்காரப் பெண். குசினியை ஒட்டின சின்ன அறை. வலி தாங்காமல் கையைக் காற்றில் துழாவினாள். என்ன தேடுகிறாள் என்று பார்த்தால், தலைமாட்டில் தொங்கின ஜெபமாலை. நான் எட்டி எடுத்து அவள் விரலில் சுற்றி, என் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அதை எடுத்துக் கொடுக்க நான் யோசித்தேனா? எனக்கு நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா என்று அப்போது யார் கேட்டார்கள்? அவளுக்கு வேண்டியிருந்தது, கொடுத்தேன். அப்படியானால் கற்பூரம் மட்டும் ஏன் இப்படிக் கனக்கிறது?

அதற்கும் பதில் இருந்தது. அவள் ஆறுதலுக்குக் கேட்டாள். இவர் என்னைச் சோதிக்கக் கேட்கிறார்.

மறுநாள் அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கெஞ்சப் போகிறாள் என்று நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கெஞ்சவில்லை. பிள்ளை என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, நீங்க சொல்லுதது மெய்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எங்க மூத்தாருக்கும் தெரியும். இவன் அவுக தம்பி மாதிரியே இடதுகையாலதான் எல்லாத்தையும் எடுக்கான். கோர்ட்ல அத அவுக பாத்துக்கிட்டே இருந்தாக. நீங்க கற்பூரத்தத் தொட மாட்டீகன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காக. அதான் கேட்டுட்டாக."

இவ்வளவுதான் சொன்னாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அதுவரைக்கும் அவர் என்னைப் பொய்க்காரி என்று நினைத்துச் சத்தியம் கேட்கிறார் என்றே எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. நான் பொய் சொல்ல மாட்டேன், கொள்கையையும் விட மாட்டேன் என்று நம்பித்தான் கேட்டிருக்கிறார். என் பிடிவாதத்தை எடுத்து இந்தப் பிள்ளைக்கு எதிராக ஆயுதமாக வைத்திருக்கிறார். நான் மறுத்தால் என் கௌரவம் எனக்கு மிஞ்சும். பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

வாய்தா அன்று, "சம்மதம்" என்றேன். அந்த அண்ணன் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் கேட்கிறவருக்கு இருக்கிறது. அவர் கேட்ட இடத்தில் நின்று நான் பார்த்ததைச் சொல்லுகிறேன்" என்றேன். எங்கள் வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். எதிர் வக்கீல், நம்பாதவள் செய்கிற சத்தியம் செல்லாது என்று குதித்தார். முன்சீப் அமைதியாக, "அது தெரிந்துதானே நீங்கள் கேட்டீர்கள்?" என்றார். ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராகப் போட்டு, அவர் முன்னிலையில் நடக்கட்டும் என்று உத்தரவானது.

அந்த நாள் வந்தது. கரி போட்டு ஓடுகிற பஸ் அப்போது. நான், அந்தப் பெண், பிள்ளை, கமிஷனர். புறப்படுகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் வேகமாக வந்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

உப்பளத்து ஓரத்தில் உடைமரங்களுக்கு நடுவே கோயில். கோயில் என்றால் கூரை கிடையாது. வெட்டவெளியில் சுண்ணாம்பு அடித்த பீடம், அவ்வளவுதான். சாமி இல்லாதவள் சத்தியம் பண்ண வருகிறாள் என்று கேள்விப்பட்டு ஊரே திரண்டிருந்தது. ஆடிக்காற்று மணலையும் உப்பையும் வாரி அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தினார். காற்று அணைத்தது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி கொளுத்தினார். மறுபடியும் அணைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இவள் சத்தியத்தை மாடன் ஏற்கவில்லை என்றார் ஒருவர். இவள் சத்தியமே பண்ண வேண்டாம் என்று மாடன் சொல்கிறான் என்றாள் ஒரு அம்மா. ஒரே காற்று, ஆளுக்கு ஒரு அர்த்தம். கமிஷனர் பொறுமை இழந்து, துண்டை மறைப்பாகப் பிடியுங்கள் என்றார். யாரும் முன்னே வரவில்லை, மாடன் காரியத்தில் தலையிட அவர்களுக்குப் பயம். கடைசியில் யார் வந்தது தெரியுமா? என் வீட்டுக்காரர்தான். தோளில் கிடந்த துண்டை விரித்து, பீடத்துக்கும் காற்றுக்கும் நடுவே முட்டிபோட்டு உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். சுடர் நின்று எரிந்தது.

நான் கிட்டே போய்க் குனிந்தேன். உள்ளங்கையில் சூடு பட்டது. "இந்தப் பிள்ளை..." என்று வாயெடுத்தேன்.

"நிப்பாட்டுங்க!"

அந்த அண்ணன்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அந்தக் காற்றில் எப்படி வேர்க்கும்? "வேண்டாம். அவுக சொல்ல வேண்டாம். அது என் தம்பி பிள்ளதான்" என்று சொல்லிவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். கமிஷனர் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை. கற்பூரம் அணைந்து அணைந்து போனதில் அந்த மனுஷர் மிரண்டுவிட்டார் என்றே நினைத்தேன். அந்த மிரட்சியில் ஒத்துக்கொண்டால், நான் நம்பாத ஒன்றை வைத்து நான் ஜெயித்த மாதிரி ஆகாதா?

"அண்ணாச்சி, அது வெறும் காத்து. ஆடி மாசத்துல இங்கன என்னைக்கும் அடிக்குத காத்து. நான் பாத்தது மெய்தான். ஆனா இந்தக் காத்துக்குப் பயந்து நீங்க ஒத்துக்கிட வேண்டாம்" என்றேன்.

கமிஷனரின் பேனா நின்றது. அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. கைக்கு வந்ததைத் தட்டிவிடுகிறீர்களே என்று அது கேட்டது. அந்த அண்ணன் மட்டும், "அப்படியா, அப்போ கையை வைங்க" என்று சொல்லியிருந்தால் நான் வைத்திருக்க வேண்டும். வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"காத்துன்னு எனக்குத் தெரியாதா நர்சம்மா? இந்த உப்பளத்துல பெறந்தவன் நான். நீங்க வர மாட்டீகன்னு நெனச்சேன். வந்துட்டீக. எனக்குத்தான் இங்கன நிக்க முடியல."

அவ்வளவுதான். கமிஷனர் எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் பனைமரங்களுக்கு ஊடே நடந்து போய்விட்டார். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. என் வீட்டுக்காரர் அது தீருகிறவரைக்கும் துண்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இனி விடலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெண் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அசந்து தூங்கினாள். எத்தனை மாதத் தூக்கமோ. எனக்குத்தான் உட்காரவே முடியவில்லை. "செயிச்சாச்சுல்லா, பெறகு என்னளா?" என்றார் வீட்டுக்காரர். என்னவென்று சொல்வது? அந்த மனுஷர் என் பிடிவாதத்தை வைத்து என்னை மடக்கப் பார்த்தார். நான் மாடனிடம் அவருக்கு இருந்த பயத்துக்கு முன்னால் போய் நின்றேன். ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்? அவரும் என்னைப் போல நம்பிக்கை இல்லாதவராக இருந்து, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருந்தால்?

அதற்குப் பிறகு அந்தப் பெண் தலைநிமிர்ந்து வாழ்ந்தாள். பிள்ளை வளர்ந்து உப்பளத்தைப் பார்த்துக்கொண்டான். சில வருஷம் கழித்து அந்த அண்ணனின் மகளுக்குப் பேறுகாலம் வந்தபோது, உள்ளூரில் ஆள் இருக்க, என்னைக் கூட்டிவரச் சொல்லி வண்டி அனுப்பினார். போனேன். பெண் பிள்ளை. "தாயும் பிள்ளையும் சொகம்" என்று நான் சொன்னதும், "நீங்க சொன்னா சரி" என்றார்.

எனக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சாமி இல்லை என்பதில் இன்றைக்கும் மாற்றம் இல்லை. ஆனால், பொய் சொல்லப் போகிற மனுஷனை அந்த நேரத்தில் எது பிடித்து நிறுத்துகிறது என்று அன்று கோர்ட்டில் அந்த வக்கீல் கேட்ட கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை. எனக்கு ஒரு பதில் இருக்கிறது, அந்த அண்ணனுக்கு வேறொரு பதில் இருந்தது, ரெண்டில் எது பெரியது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.